லாரிக்கு அடியிலிருந்து பார்த்த பாதங்கள்

ஆண்டவருக்குள் அன்பான உடன்விசுவாசிகளே, அறுபத்தெட்டாம் வருஷம் மழைக்காலத்தில் மூன்று வாரம் நான் ஒரே எண்ணத்தோடு நடமாடினேன். என்னை ஒருவன் கொல்லப் பார்க்கிறான். அவன் யார் என்றும் எனக்குத் தெரியும். கையில் ஆதாரம்தான் இல்லை.

அப்போது நான் ஓசூரில், பெங்களூர் ரோட்டில் இருந்த ஒரு லாரிப் பட்டறையில் மேஸ்திரி. சொந்த ஊர் மத்தூர். பட்டறையில் எனக்கு அடுத்த ஆள் முனிராப்பா. எனக்கு முன்னால் வந்தவன், என் வயதுக்காரன், வீட்டில் தெலுங்கு பேசுகிறவன். பழைய மேஸ்திரி விலகியபோது அந்த இடம் அவனுக்குத்தான் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். முதலாளி என்னைப் போட்டார். முனிராப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

என் சுபாவத்தையும் சொல்லிவிடுகிறேன். டீயில் சர்க்கரை கூடினால்கூட, எதற்கு இவ்வளவு உபசாரம் என்று யோசிக்கிற ஆள் நான்.

அந்தப் பட்டறையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. லாரியை ஜாக்கி வைத்துத் தூக்கினதும், அடியில் ஆள் போகுமுன் வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸுக்குக் கீழே சிலீப்பர் கட்டை கொடுத்துவிட வேண்டும். பழைய ரயில் பாதையைப் பிடுங்கியபோது கிடைத்த கனத்த கட்டைகள். ஜாக்கி எந்த நேரமும் இறங்கலாம், அப்போது பாரம் கட்டைமேல் நிற்கும். முந்தின வருஷம் டைபாய்டில் கிடந்து பிழைத்து ஞானஸ்நானம் எடுத்த பிறகு, எனக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாட்டை விட்டுவிட்டேன். என்னைப் படுக்கையிலிருந்து எழுப்பினவரை விட்டுவிட்டு ஒரு கட்டையை நம்புவது அவிசுவாசம் என்று தோன்றியது. கண்ணை மூடி ஜெபித்துவிட்டு நேராக அடியில் போய்விடுவேன். ஒருமுறை முனிராப்பா கட்டையோடு வந்தபோது எல்லோர் முன்னாலும் தடுத்தேன்.

"எடுத்துட்டுப் போ. நான் கட்ட வெச்சா என் ஆண்டவருக்குக் கோவம் வரும்."

அவன் எடுத்துக்கொண்டு போனான். மற்றவர்கள் கட்டை இல்லாமல் அடியில் போக நான் விட்டதே இல்லை. அவர்களுக்கு என் அளவுக்கு விசுவாசம் போதாது என்று ஒரு நினைப்பு.

லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்தால் உலகத்தில் பாதங்கள் மட்டும்தான் தெரியும். சக்கரம் கழற்றிய பக்கத்தில் வெளிச்சம் கண்ணைக் கூசும். அந்த வெளிச்சத்தில் ஒரு திங்கட்கிழமை இரண்டு பாதங்கள் வந்து ஜாக்கியின் பக்கத்தில் நின்றன. வலது பெருவிரலில் நகம் இல்லை. முனிராப்பா. பிறகு குந்தினான். தரையில் ஏதோ உரசுகிற சத்தம் கேட்டது. நான் ஸ்பேனரை நிறுத்தினேன். சத்தமும் நின்றது. நான் வெளியே வந்தபோது அவன் தூரத்தில் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான்.

மறுநாளும் அப்படியே. வியாழக்கிழமை வேண்டுமென்றே பாதி வேலையில் வெளியே உருண்டு வந்தேன். ஜாக்கியின் அருகில் குந்தியிருந்தவன் திடுக்கிட்டு எழுந்து, ஒரு கட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

"இங்க என்ன பண்ற?"

"சும்மா மேஸ்திரி. உக்காந்திருந்தேன்."

உட்காரக் கட்டை கொண்டுவந்து போட்டு, சாவகாசமாக ஜாக்கியை இறக்கும் திருகைத் தளர்த்தப் பார்க்கிறான் என்று முடிவு கட்டினேன். ஜாக்கிக்கு அடியில் எண்ணெய் ஈரம் வேறு. உள்ளே வாஷர் தேய்ந்தால் எண்ணெய் கசியும் என்று வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே தெரிந்துவிடும். மேஸ்திரியான நான் அந்த எண்ணெயைத் தொட்டு முகர்ந்து பார்த்துவிட்டு, இதுவும் முனிராப்பாவின் கைவரிசை என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு, பட்டறையில் அவன் நிரப்பி வைக்கும் பானையில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன். அவன் சிரித்தால் எதற்குச் சிரிக்கிறான், சிரிக்காவிட்டால் எதை மறைக்கிறான். சாப்பாடு இறங்கவில்லை. என் மனைவி எஸ்தர் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போனாள்.

"அந்தாள நேர்லயே கேட்டுடுங்களேன்."

"கேட்டா உஷாராயிடுவான்."

"அப்ப கட்டையாவது வெச்சுக்குங்க."

நியாயமான பேச்சு. இவ்வளவு பயந்தவன் ஏன் கட்டை வைக்கவில்லை என்று நீங்களும் கேட்பீர்கள். வைத்தால் முனிராப்பாவின் முன்னால் என் பேச்சு தோற்றுப்போகும். விசுவாசம் என்று வெளியே சொன்னேன். உள்ளே இருந்தது வீம்பு.

இரண்டு வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தேன். அழுது ஜெபித்தேன். "ஆண்டவரே, என் உயிருக்கு உலை வைக்கிறவன் யார் என்று வெட்டவெளிச்சமாக்கும். எல்லோர் முன்னாலும் அவன் தலைகுனிய வேண்டும்." இந்த வார்த்தைகளைத்தான் சொன்னேன். ஒன்றையும் மாற்றிச் சொல்லவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை மதியம். கிருஷ்ணகிரியிலிருந்து வந்த லாரி. இடது முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, எஞ்சினுக்கு அடியில் ஒரு போல்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பாதங்கள் வந்தன. குந்தின. உரசல் சத்தம். இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்று மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தேன்.

புஸ் என்று ஒரு சத்தம். லாரி என்மேல் இறங்கியது.

கத்தக்கூட நேரமில்லை. நெற்றியில் சூடான எண்ணெய் சொட்டியது. வாயெல்லாம் மண். கண்ணைத் திறந்தபோது இரும்பு என் நெஞ்சுக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில் நின்றிருந்தது. ஏன் நின்றது என்று நான் யோசிக்கவில்லை. "முனிராப்பா ஜாக்கியத் தொறந்துட்டான், கொல்லப் பாக்கறான்" என்று அலறினேன். காலைப் பிடித்து என்னை வெளியே இழுத்தார்கள். இழுத்தவர்களில் அவனும் ஒருவன். எழுந்த வேகத்தில் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். அவன் கையை ஓங்கவுமில்லை, விலக்கவுமில்லை.

முதலாளி ஜாக்கியைப் பார்த்தார். திருகு இறுக்கமாக மூடியிருந்தது. வாஷர் கிழிந்து எண்ணெய் முழுவதும் தரையில் ஓடியிருந்தது. பிறகு சேஸிஸுக்கு அடியில் கையைக் காட்டினார்.

"குனிஞ்சு பாருய்யா மேஸ்திரி. வண்டி எதும்மேல நிக்குதுன்னு பாரு."

குனிந்தேன். மொத்தப் பாரமும் ஒரு சிலீப்பர் கட்டைமேல் நின்றது. இரும்பு மரத்தில் பதிந்திருந்தது. என் கை தானாகவே அவன் சட்டையை விட்டது.

"யாரு வெச்சது?" என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரியும்.

முனிராப்பா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நீங்க கட்ட வெச்சா உங்க சாமி கோவிச்சுக்கும்னு சொன்னீங்க மேஸ்திரி. நான் வெச்சா எதுக்குக் கோவிச்சுக்குது? நான் வேற சாமி. நீங்க உள்ள போனதும் வெப்பேன், வெளிய வர்றதுக்குள்ள எடுத்துடுவேன். பாத்தா மனசு கஷ்டப்படுவீங்களே."

"மேஸ்திரி வேலைய நான் எடுத்துக்கிட்டேன்னு உனக்கு வருத்தம் இல்லியா?"

"இருந்துச்சு. அதுக்காவ அடியில ஆள வுட்டுட்டுப் போவ முடியுமா?"

நான் அழுதேன். பட்டறையே பார்க்க, தலையைக் குனிந்துகொண்டு அழுதேன்.

இதோடு முடித்தால் நான் நல்லவனாகிவிடுவேன். அப்படி இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து, ஜாக்கி உடைந்ததையும் தேவதூதன் லாரியைத் தாங்கினதையும் சொன்னேன். சபை முழுக்க அல்லேலூயா சத்தம். போதகர் என்னைக் கட்டிக்கொண்டார். எஸ்தர் மட்டும் முகம் கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்.

"அந்தத் தூதனுக்குப் பேரு இல்லியா?"

அடுத்த ஞாயிறு மறுபடியும் எழுந்து நின்றேன். முனிராப்பா என்று பெயரைச் சொன்னேன். கட்டையைப் பற்றிச் சொன்னேன். சிலருக்குப் பிடிக்கவில்லை. வேறு சாமி கும்பிடுகிறவன் கையால் கர்த்தர் காப்பாற்றுவாரா என்று ஒரு பெரியவர் கேட்டார். நான் சொன்னேன்: ஐயா, காப்பாற்றும் என்று நான் ஜெபிக்கவே இல்லை. என் உயிருக்கு உலை வைக்கிறவனைக் காட்டும் என்று கேட்டேன். காட்டினார். அது நான்தான். நான் கேட்காமலே காப்பாற்றினதும் அவர்தான். அவர் யார் கையால் செய்தார் என்பதற்கு என்னிடம் அனுமதி கேட்கவில்லை.

முனிராப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் பானையில் தண்ணீர் குடித்தேன். அன்றிலிருந்து நான் அடியில் போகுமுன் இரண்டு பக்கமும் கட்டை வைத்து, வண்டியை ஒரு முறை தள்ளிப் பார்த்து, அதற்குப் பிறகுதான் ஜெபிக்கிறேன். ஜெபம் குறையவில்லை. பயம்தான் குறைந்தது. இத்தனை கிருபை செய்த ஆண்டவருக்கு நன்றி சொல்லி எனக்குத் தீரவில்லை.

உங்களிலும் யாராவது ஒரு ஆளை மனதில் வைத்துக்கொண்டு, அவனை வெளிப்படுத்தும் என்று முழங்காலில் நிற்கலாம். ஜெபியுங்கள். அவர் கேட்கிறவர், பதில் தருகிறவர், நம்புங்கள். ஆனால் ஜெபித்து எழுந்ததும் அந்த ஆள் இருக்கிற இடத்துக்குப் போய், அவன் கையில் என்ன வைத்திருக்கிறான் என்று ஒரு தடவை குனிந்து பாருங்கள்.