சிரிச்சமூஞ்சியும் சிரிக்காத டால்பினும்

1994 பிப்ரவரி 7: டால்பின் வாங்கிய விலை, 18,00,000.
1999 ஜூன் 14: அறிவிப்பாளர் மாதச் சம்பளம், 2,400.
2003 மே 18: அறிவிப்பாளருக்கு அபராதம், 500.
2003 நவம்பர் 9: டால்பினைக் கொடுத்ததற்கு வாங்கிய தொகை, இல்லை.

அந்த அறிவிப்பாளர் பெண்ணுக்குப் பிறவியிலேயே உதட்டோரம் இரண்டும் மேல்நோக்கி வளைந்திருக்கும். அழுதாலும் சிரித்த மாதிரிதான். பெரியப்பா இறந்த வீட்டில் அத்தை அவளைத் தரதரவென்று இழுத்துப்போய்ச் சமையலறையில் உட்கார வைத்தாள். "இங்கயே இரு. பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?" தெருவே அவளைச் சிரிச்சமூஞ்சி என்றது.

அந்த மூஞ்சிதான் சோறும் போட்டது. டால்பின் காட்சி நடத்திய முதலாளி, வேறெதுவும் கேட்காமல் மைக்கை அவள் கையில் கொடுத்தார். டால்பின் தண்ணீருக்கு மேலே தலையை நீட்டியதும் சொல்ல வேண்டியது ஒரே வரி: "பாருங்க, நம்ம செல்லம் எவ்வளவு சந்தோஷமா சிரிக்குது!" நாலு வருஷம் கிளிப்பிள்ளை மாதிரிச் சொன்னாள்.

அந்த மே மாத ஞாயிற்றுக்கிழமை பல்வலி அவள் உயிரை வாங்கியது. கன்னம் வீங்கியிருந்தது. டிக்கெட் கிழிப்பவர், "என்னம்மா, இன்னிக்கு ஒரே குஷி போல?" என்றார். கடுப்போடு உள்ளே போனாள். டால்பின் மீனைத் தொடாமல், சுவரில் உரசி உரசித் தோல் கிழிந்து, தொட்டியையே சுற்றிக்கொண்டிருந்தது. காட்சி தொடங்கியது. தலையை நீட்டியது. வாய் வழக்கம்போல வளைந்தே இருந்தது. அவளுக்குச் சுருக்கென்றது.

"இது சிரிப்பு இல்லைங்க. வாயே அப்படித்தான். என் மூஞ்சியப் பாருங்க, எனக்குப் பல்வலியில உயிர் போகுது."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. முன்வரிசையில் பாப்கார்னோடு இருந்த தடித்த மனிதர் மட்டும் சிரிக்கவில்லை. "அப்போ இதை எதுக்கும்மா அடைச்சு வெச்சிருக்கீங்க?"

"முதலாளி வாசல்லதான் இருக்கார். போறப்ப கேட்டுட்டுப் போங்க."

கேட்டார். அவர் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர்.

"உன் வாய்க்குப் பூட்டுப் போடணும்" என்றார் முதலாளி.

"போடுங்க சார். பூட்டினாலும் சிரிச்ச மாதிரிதான் இருக்கும்."

அபராதம் போட்டாரே தவிர, அவளை விரட்ட அவருக்கு மனம் வரவில்லை. அடுத்த வாரம் பல்வலி அம்மாவைப் பார்க்கவே கூட்டம் வந்தது. வந்தவர்கள் போகும்போது அதே கேள்வியைக் கேட்டார்கள். அவர் ஒரு ஓட்டலுக்கு டால்பினை விற்க விலை பேசினார். அந்த ஓட்டல் தொட்டி இதைவிடச் சின்னது என்று அவள் அதையும் மைக்கில் சொல்லிவிட்டாள்; பேரம் முறிந்தது.

கடைசியில் அவரே அலுத்துப்போனார். "வர்றவன் போறவன் எல்லாம் என்னைத் திருடனப் பாக்கற மாதிரி பாக்கறான். அந்த விரிகுடா ஆளுங்கள வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லு." கடலோரத்தில் வலையடைத்து, இப்படிப்பட்ட டால்பின்களைக் கடலுக்குப் பழக்குபவர்கள் அவர்கள். டால்பின் போனபின் காலித் தொட்டியில் படகு விட்டார் முதலாளி. அவள் அதற்கு டிக்கெட் விற்றாள்.

அதற்கப்புறம்தான் அவளுக்குத் தூக்கம் போனது. ஒன்பது வருஷம் வாளி மீனே தின்ற ஜீவன். அங்கே பட்டினியில் செத்துப்போனால், அனுப்பி வைத்த பாவம் யாருக்கு?

விரிகுடா ஆட்களின் முதல் கடிதம்: உயிர்மீன் பக்கத்திலேயே ஓடுகிறது, இது வாளிக்காகக் காத்திருக்கிறது. இரண்டாவது: ஒரு மீனைத் துரத்தியது, விட்டுவிட்டது. பிறகு பல மாதம் ஒன்றும் வரவில்லை.

மூன்றாவதைக் கணவர்தான் பிரித்துப் படித்தார். தானே வேட்டையாடித் தின்று கொழுத்துவிட்டது. வலையைத் திறந்தோம். ஒரு கூட்டத்தோடு சேர்ந்து போய்விட்டது. இனி எழுத எங்களிடம் செய்தி இருக்காது.

அவள் கண்ணைத் துடைத்தாள்.

"சந்தோஷமா, வருத்தமா?" என்றார் கணவர்.

"மூஞ்சியப் பாத்தா தெரியலையா?"

"உன் மூஞ்சிய நம்பி நான் ஏமாந்தது போதும். வாயத் திறந்து சொல்லு."

சொன்னாள்.

கடிதம் வந்த நாள்: 2004 ஆகஸ்ட் 21, சனிக்கிழமை.