ஆம்ப்ரோஸ் அளந்த கடற்சேறு

ஜூரோங்கில் நாங்கள் வேலை பார்த்த மண் பரிசோதனைக் கூடத்தில் ஆம்ப்ரோஸ் அண்ணனைப் போல் வாயைத் திறக்காத மனிதர் கிடையாது. மனைவி உர்சுலா போய்ச் சேர்ந்து ஆறு வருடம், பிள்ளையும் இல்லை. ஆங் மோ கியோ வீட்டில் ரேடியோ மட்டும்தான் பேசும். சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் என்னோடு பஸ் ஏறி, டன்லப் ஸ்திரீட்டுக்கு வந்து பிரியாணி சாப்பிடுவார். வாரத்தில் அவர் வாய்விட்டுச் சிரிப்பது அங்கேதான்.

1983-இல் அவருக்கு ஒரு குளிர் அறையைக் கொடுத்தார்கள். ஆழ்கடல் சேற்றைக் குழாயில் அடைத்து, மீத்தேன் வாயுவை அழுத்தத்தோடு செலுத்திக் குளிர வைக்க வேண்டும். வாயுவும் நீரும் சேர்ந்து பனிக்கட்டி போல் உறையும். அதற்கு ஹைட்ரேட் என்று பெயர். உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தும், ஹைட்ரேட் கடத்தாது. மீட்டரில் எண் இறங்கினால் உள்ளே உறைகிறது என்று அர்த்தம். அண்ணன் கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு அரைமணிக்கொரு தரம் எண்ணைக் குறிப்பார்.

"இந்தச் சேறு என்கிட்ட பேசுதுடா சாகுல்," என்றார் ஒருநாள்.

பைத்தியமா என்று கிண்டல் செய்தேன். அந்தச் சேற்றின் மேல் எனக்கு உள்ளூரப் பொறாமை.

குழாயின் இரு முனையிலும் நுண்துளைக் கல் ஒன்று வைக்க வேண்டும். அதை ஊறப்போடுவது என் வேலை. பத்து வருடமாகக் கட்டட மண்ணுக்காகப் பைப் தண்ணீரில் கல்லை ஊறப்போட்ட கை, அன்றும் அப்படியே போட்டுவிட்டது. கடல்நீரில்தான் போட வேண்டும் என்று அண்ணன் எழுதியே ஒட்டியிருந்தார். யார் படித்தது!

கல்லிலிருந்த நல்ல தண்ணீர் மெல்லக் கசிந்து சேற்றின் உப்பைக் குறைத்துவிட்டது. உள்ளே எதுவும் உறையாமலே எண் இறங்கியது. உறைந்துவிட்டது என்று அண்ணன் எழுதினார். இந்த வேலையைக் கொடுத்த எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள் முன்னால் திறந்தால் வெறும் சேறு, உறைந்த துணுக்கு ஒன்றுகூட இல்லை!

"மீட்டர்கூடப் பார்க்கத் தெரியலையா மிஸ்டர் ஆம்ப்ரோஸ்? யார் தப்பு இது?" என்று கத்தினார் என்ஜினியர் பாலகிருஷ்ணன்.

அண்ணன் தரையைப் பார்த்தார். "என் தப்புதான் சார்."

எனக்கு அப்போதே விஷயம் விளங்கிவிட்டது. வாய் வரவில்லை. வீட்டில் மூன்று பிள்ளைகள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கோழை நான், வேறென்ன சொல்ல? மறுநாளே குளிர் அறையைப் பூட்டி, அண்ணனைக் கான்கிரீட் உடைக்கும் கொட்டகைக்கு அனுப்பிவிட்டார்கள்.

அதன்பின் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துப்பில்லை. சனிக்கிழமைதோறும் ஒரு சாக்கு. மகளுக்குக் காய்ச்சல், மச்சான் வருகிறான், கால் வலிக்கிறது. "பரவால்லலா, அடுத்த வாரம் போவோம்," என்பார். எட்டு வாரம் இப்படியே ஓட்டினேன்.

ஒன்பதாம் வாரம் மனசு கேட்கவில்லை. கொட்டகைக்குப் போய், "அண்ணே, கல்லைப் பைப் தண்ணியில ஊறப்போட்டது நான்தாண்ணே," என்று போட்டு உடைத்தேன்.

அவர் முகத்திலிருந்த சிமெண்ட் தூசியைத் துடைத்துக்கொண்டார்.

"தெரியும்லா. கல்லு ஊறின தொட்டித் தண்ணிய அன்னிக்கே நாக்குல வச்சுப் பார்த்தேன். உப்புக் கரிக்கவே இல்ல."

"யா அல்லா! தெரிஞ்சுமா? ஏண்ணே சொல்லல?"

"சொன்னா உன்னை வேலைய விட்டு அனுப்பிடுவாங்க. அப்புறம் சனிக்கிழமை நான் யாரோட சாப்பிடறது?"