கேட்ட குரல் வேறு, கிடைத்த குரல் வேறு

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு. நாத்தனார் கண்மூடிய பிறகு அவள் பிள்ளைகள் இரண்டும் என் கையால் சாப்பிட்டுத்தான் ஆளானார்கள். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவுதான். நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எஸ்தர் எழுதுகிறாள்.

பாபநாசத்துக்குப் பக்கம் எங்கள் ஊர். நடவு என்றால் என்னைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். நான் பாட்டெடுத்தால்தான் வரிசையில் கை ஓடும். என் குரல் போகிற உச்சத்துக்கு ஒருத்தியும் வர முடியாது. அவர்கள் குலவை போடுவதோடு சரி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையிலும் நான் பாடுவேன், சபை கேட்கும்.

மூத்தவன் சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போன வருடம் என் தொண்டையில் கட்டி வந்தது. தஞ்சாவூரில் அறுத்து எடுத்தார்கள். உயிருக்குப் பயமில்லை, குரலுக்கு உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்தால் மாட்டை அதட்டக்கூட முடியவில்லை. வெறும் காற்றுதான் வந்தது. மகன் எங்கள் ஊர்க் கடைப் போனுக்குக் கூப்பிட்டான். “அம்மா, பேசும்மா! லைன் கட்டாயிடுச்சா?” என்று கத்தினான். நான் பேசிக்கொண்டுதான் இருந்தேன்.

அன்று தரையில் விழுந்து அழுதேன். “ஆண்டவரே, நீங்க எனக்கு நிலம் தரல, படிப்பு தரல. தந்தது இது ஒண்ணுதான். இதையும் எடுத்துக்கிட்டீங்கன்னா நான் எதுக்கு?”

போதகரின் மனைவி தினமும் வந்து ஜெபித்தார்கள். ஒரு வசனம் வாசித்துக் காட்டி, மனதில் ஏற்றச் சொல்வார்கள். நான் உதட்டை மட்டும் அசைத்துக் கற்றுக்கொண்டேன். குரல் மட்டும் வரவில்லை.

குறுவை அறுத்து முடிந்து தாளடி நடவு வந்தது. ஊர்ப் பிள்ளைகள் பாதி திருப்பூருக்குப் போயிருந்தார்கள், ஆள் பஞ்சம். நானும் போய் ஊமையாக வரிசையில் நின்றேன்.

“ஏங்கக்கா, இது நடவா, எழவு வீடா? கையே ஓட மாட்டேங்குது” என்றாள் பக்கத்தில் நின்ற செல்லம்மா. எல்லாரும் சிரித்தார்கள். ஏசப்பா என்று நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தேன்.

சத்தம் வந்தது. ஆனால் அது என் சத்தம் இல்லை. கட்டையாக, ஆம்பிளைக் குரல் மாதிரி.

“யாருடி அது, மேஸ்திரியா பாடுறாரு?” என்றாள் செல்லம்மா. நான் நிறுத்தவில்லை. நடவு மெட்டில் எனக்கு வந்ததைப் பாடினேன்.

நாத்து முடி பிரிச்சு நட்டோமே ஏசையா
நீர் பாத்து நின்னாத்தான் பச்ச பிடிக்குமையா

மறு அடிக்குச் செல்லம்மா சேர்ந்துகொண்டாள். அவள் மாரியம்மனைக் கும்பிடுகிறவள். அப்புறம் அவளுக்கு அடுத்தவள், அதற்கும் அடுத்தவள். கடைசியில் வரிசை மொத்தமும் பாடியது. அத்தனை வருடத்தில் ஒருநாளும் அவர்கள் என்னோடு பாடியதில்லை. எட்ட முடியாத இடத்தில் நான் நின்றிருந்திருக்கிறேன். சேற்றுக் கையோடு கும்பிட்டேன். என் குரலைத்தான் திருப்பிக் கேட்டேன். ஆண்டவர் வயலுக்கே குரல் தந்தார்.

இப்போது சபையில் ஒருவரும் சும்மா உட்காருவதில்லை. கற்ற வசனத்துக்கெல்லாம் மெட்டுக் கட்டுகிறேன். கேசட்டில் பதிந்து மகனுக்கு அனுப்பினோம். அவன் தங்கியிருந்த இடத்தில் ஆம்பிளைகள் சேர்ந்து பாடினார்களாம்.

பிள்ளைகளே, ஆண்டவர் உங்களுக்குத் தந்தது கரகரவென்று இருக்கிறதே என்று மூடி வைக்காதீர்கள். அவர் கையில் கொடுத்துவிட்டு வாயைத் திறங்கள்.

எஸ்தர், முதலிலிருந்து படித்துக் காட்டம்மா. வாய்க்குள்ளேயே முணுமுணுக்காதே, நன்றாகச் சத்தமாகப் படி.