வாசல் கேட்டில் வைத்த பானை

நான் கோபக்காரி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பதினாறு வருடம் கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்துவிட்டு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சரவணம்பட்டியைத் தாண்டி இருந்த ஒரு முதியோர் இல்லத்துக்கு மேட்ரனாக வந்து சேர்ந்தேன். அப்போது அந்தப் பக்கம் சோளக்காடும் வேலிமுள்ளும்தான். மணிக்கு ஒரு டவுன் பஸ் வந்தால் பெரிய காரியம். வயசானவர்கள் இருபத்திரண்டு பேர், ஒரு சமையல்கார அக்கா, ஒரு ஆயா, வாரம் இரண்டு தரம் ஸ்கூட்டரில் வரும் டாக்டர், அப்புறம் என் வாய். இவ்வளவையும் வைத்துத்தான் இல்லம் நடந்தது.

அந்த வருடம் சித்திரை வெயிலோடு வாந்திபேதியும் சேர்ந்து வந்தது. புது மாதிரிக் காலரா, கடற்கரை ஊர்களில் ஆரம்பித்து ஊர் ஊராக ஏறி வருகிறது என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். இரண்டு கிராமம் தள்ளி ஒரு தெருவே படுத்துவிட்டது என்று பால்காரர் சொன்ன அன்றைக்கே கேட்டுக்குப் பெரிய பூட்டாக ஒன்று போட்டேன். சின்ன வயசுக்காரர்களுக்கு வந்தால் இரண்டு நாள் வாடிவிட்டு எழுந்து நடப்பார்கள். காலையில் காப்பிக்குச் சர்க்கரை போதவில்லை என்று சண்டை பிடித்த கிழவர், பொழுது சாய்வதற்குள் பேச்சு மூச்சில்லாமல் கிடந்ததை வார்டில் நான் பார்த்திருக்கிறேன். இந்த இருபத்திரண்டு பேரில் ஒருவரையும் விடுவதில்லை என்று முடிவு கட்டினேன். அதை மனசுக்குள் வைத்துக்கொள்ளாமல் சாப்பாட்டு ஹாலில் நின்று உரக்கவே சொன்னேன்.

"வெளியாளு ஒருத்தரும் உள்ள வரப்படாதுங்க. பாக்க வாறவங்க கேட்டுக்கு அக்கட்ட நின்னு பேசிப்போட்டுப் போகட்டும். பலகாரம், முறுக்கு, பழம் ஒண்ணும் வாங்கப்படாது. கொதிக்க வெச்ச தண்ணிதான் குடிக்கோணும். கக்கூஸ் போனா சோப்புப் போட்டுக் கை கழுவோணும். கழுவாம வந்தீங்க, தட்டைப் பிடுங்கிப்போடுவேன்!"

"ஜெயில்ல கூட மனு போட்டுப் பாக்க உடறாங்க" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உயிரோடு இருந்தால்தானே சிரிக்க முடியும்.

அன்றைக்குச் சிரிக்காதவர் ஒருவர்தான். சத்தியமங்கலத்துப் பக்கத்திலிருந்து வந்த அம்மா. ஆயுசு முழுக்க அடுத்தவர் காட்டில் களை எடுத்து உழைத்த உடம்பு, எலும்பும் தோலுமாக இருக்கும். ஒரே மகள், மைசூருக்கு அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்தது. அம்மாவும் மகளும் பார்த்து மூன்று வருடம் ஆகியிருந்தது. குழந்தைகளுக்குப் பரீட்சை முடிந்து லீவு விட்டதும், வைகாசியில் வருகிறேன் என்று மகள் கடிதம் போட்டிருந்தாள். அந்தக் கடிதத்தை என்னிடம் கொடுத்து எத்தனை தரம் படிக்கச் சொல்லியிருப்பார் என்று கணக்கே இல்லை. கூட்டம் கலைந்ததும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லாப் பூட்டிக்க அம்மணி. நான் ஒண்ணுஞ் சொல்லல. என்ற புள்ள வார வரைக்கும் என்னைய வெச்சிரு. அது போதும்."

"உங்களை எங்கயும் உட மாட்டனுங்க" என்றேன். எனக்குத் தொழில் தெரியும் என்ற திமிர். அந்தத் திமிர் இல்லாமல் இந்த வேலையைச் செய்யவும் முடியாது.

முதல் ஞாயிற்றுக்கிழமையே சோதனை வந்தது. காந்திபுரத்தில் பஸ் ஏறி, மெயின் ரோட்டில் இறங்கி, மண் ரோட்டில் நடந்து வந்த சொந்தக்காரர்கள் கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றார்கள். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் ஒரு சொம்பு தண்ணீர். குடித்த பிறகுதான் என்ன ஏது என்ற பேச்சே. எதிரியே வந்தாலும் அப்படித்தான். அதனால் காய்ச்சி ஆற வைத்த தண்ணீரை நானே எடுத்துக்கொண்டு போய், கம்பிக்கு நடுவே நீட்டிய கைகளில் மேலேயிருந்து ஊற்றினேன். அப்படிச் செய்தால் பாத்திரத்தில் யார் கையும் படாது.

நான்காவதாக நின்றவர் கையை நீட்டவில்லை. அப்பாவைப் பார்க்க வந்தவர், முப்பது வயசிருக்கும். தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்கு நின்ற குடும்பம்.

"கையேந்திக் குடிக்கறது எங்கய்யன் காலத்தோட போச்சுங்க" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "சொம்பு குடுத்தாக் குடிக்கறேன். இல்லாட்டிப் பரவால்லீங்க."

எனக்குக் காது சுட்டது. நோய்க்காகத்தான் ஊற்றுகிறேன் என்று விளக்கம் சொல்ல வாயைத் திறந்தவள், பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டேன். என் காரணம் எதுவாக இருந்தாலும், மேலேயிருந்து ஊற்றுவதற்கு இந்த ஊரில் ஒரே அர்த்தம்தான்.

எனக்குப் பின்னால் தோட்டத்து ஐயா நின்றுகொண்டிருந்தார். அவரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஒரு காலத்தில் தென்னையும் மஞ்சளுமாகப் பெரிய பண்ணையம். பையன்கள் பாகம் பிரித்துக்கொண்டதும், "ஆரு ஊட்லயும் மொறை வெச்சுச் சாப்பிட மாட்டேன்" என்று ஒரு டிரங்குப் பெட்டியும் பித்தளைச் சொம்புமாகத் தானே இங்கே வந்து சேர்ந்தவர். கேட்டு ஓரத்துக் கல் பெஞ்சுதான் அவர் இடம். யார் வீட்டுச் சொந்தம் வந்தாலும் எழுந்து நின்று "வாங்க" என்பார். இல்லத்துக்கே அவர்தான் வீட்டுக்காரர் என்று நினைத்துக்கொண்டிருந்தார், நாங்களும் அப்படியே விட்டிருந்தோம்.

"அம்மணி, ஒரு பானையும் என்ற சொம்பையும் இங்க வெச்சுப்போடுங்க" என்றார். "ஆரு வந்தாலும் அவங்களே மொண்டு குடிக்கட்டும். நாப்பது வருசம் ஆளு பாத்துத்தான் இந்தச் சொம்பைக் குடுத்தேன். இங்க வந்துமா?"

நான் யோசித்தேன். யோசித்தேன் என்று சொல்வதே பொய். காய்ச்சிய தண்ணீர்தானே, உள்ளேயிருந்து வெளியேதானே போகிறது, வெளியேயிருந்து உள்ளே எதுவும் வரவில்லையே என்று சட்டென்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த மனிதரின் முகத்தை மறுபடி பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை, அதுதான் உண்மை. கேட்டுக்கு உள்ளே மணல் கொட்டி, அதன்மேல் புதுப்பானை வைத்தோம். கம்பிக்கு நடுவே கையை நீட்டி ஆளாளுக்கு மொண்டு குடித்தார்கள். அந்த முப்பது வயசுக்காரரும் குடித்தார். ஐயாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

பத்து நாள் ஒன்றும் ஆகவில்லை. டாக்டர் வந்து, "சுத்துப்பட்டுல உங்க எடம்தான் சுத்தமா இருக்குது" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பதினோராம் நாள் காலையில் ஆயா ஓடிவந்தாள். சத்தியமங்கலத்து அம்மாவுக்கு நான்கு தரம் போய்விட்டது. போய்ப் பார்த்தேன். அரிசி களைந்த தண்ணீர் மாதிரி இருந்தது. புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டேன், கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது, உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது. கண் இரண்டும் உள்ளே போய்விட்டது. டாக்டருக்கு ஆள் அனுப்பிவிட்டு, உப்பும் சர்க்கரையும் கரைத்து ஸ்பூனால் புகட்ட ஆரம்பித்தேன்.

எப்படி வந்தது? ஒரே அடுப்பு, ஒரே சாப்பாடு, மற்ற யாருக்கும் இல்லை. ஆயாவைப் போட்டு உலுக்கினேன். அவள் அழுதுகொண்டே சொன்னாள்: "அவங்க மத்தியானமானா கேட்டுகிட்டத்தானுங்க இருப்பாங்க. மக வருதான்னு ரோட்டைப் பாத்துட்டே. பானைத் தண்ணி ஜில்லுன்னு இருக்குதுன்னு அதைத்தான் குடிப்பாங்க."

ஐயோ! கை கழுவு, கை கழுவு என்று தொண்டை வற்றக் கத்தியவள் நான். பஸ் கம்பியைப் பிடித்து, குழந்தையைக் கழுவிவிட்டு, எங்கெங்கோ தொட்டுவிட்டு வந்த கைகள் விரல் நனைய அந்தப் பானைக்குள் போய்வந்ததை, பத்து நாளும் என் கண்ணாலேயே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். தண்ணீரைக் காய்ச்சினேன், கையை மறந்தேன்.

நேரே கேட்டுக்குப் போய்ப் பானையைத் தூக்கிக் கீழே போட்டு உடைத்தேன். பெஞ்சிலிருந்து ஐயா பதறி எழுந்தார். அவரைப் பார்த்ததும் எனக்கு வாய் நிற்கவில்லை.

"உங்க மரியாதை ஒரு உசுரை வாங்கப் பாக்குதுங்க! போய்ப் பாருங்க, உள்ள போய்ப் பாருங்க!"

அவர் குனிந்தார். மண்ணில் உருண்டு கிடந்த சொம்பை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டு அறைக்குப் போய்விட்டார்.

டாக்டர் வந்து குளுக்கோஸ் பாட்டில் ஏற்றினார். "ஆஸ்பத்திரில ஒரு கட்டலுக்கு ரெண்டு பேரு கெடக்கறாங்க. இங்கயே வெச்சுப் பாத்துக்குவீங்களா?" என்று கேட்டார். பார்த்துக்கொள்வேன் என்றேன். அடுத்தடுத்த பாட்டிலுக்கு நரம்பு தேடி நானே ஊசி குத்தினேன். போனதை எல்லாம் அளந்து, அதற்கு மேல் ஒரு டம்ளர் உள்ளே போக வைத்தேன். வேண்டாம் என்று அவர் தலையைத் திருப்பும்போதெல்லாம், "புள்ள வருதுங்க, வாயத் தொறங்க" என்றேன். திறப்பார். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் திறந்தார். மறுநாள் மத்தியானம் தோலைக் கிள்ளினேன், மடிப்பு மெதுவாக இறங்கியது. சாயங்காலம் ஒன்றுக்குப் போனார். ஆயாவும் நானும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதோம். மூத்திரத்துக்காக அப்படி அழுதவர்கள் நாங்களாகத்தான் இருக்கும்.

இன்னும் இரண்டு பேருக்கு லேசாக வந்து நின்றது. அதோடு சரி. இருபத்திரண்டு பேரும் பிழைத்தார்கள். இன்றைக்கும் அதை நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.

ஆனால் ஐயா கேட்டுப் பக்கம் வரவேயில்லை. நான் அவர் அறைக்குப் போய், "நான் பேசினது தப்புங்க. நீங்க கேட்டீங்க, சம்மதிச்சது நானு. கை தண்ணிக்குள்ள போவும்னு படிச்சவளுக்குத்தான தெரிஞ்சிருக்கோணும்?" என்றேன். "அதெல்லாம் உடுங்க அம்மணி" என்றார். பானைக்குப் பதிலாக அடியில் குழாய் வைத்த, மூடி போட்ட எவர்சில்வர் டிரம் ஒன்று வாங்கி வைத்தேன். யாரும் கையை விட வேண்டாம், யாரும் மேலேயிருந்து ஊற்றவும் வேண்டாம். பக்கத்திலேயே சோப்பும் வைத்தேன். "இனி நீங்களே குடுங்க" என்று அவரிடம் சொல்லிப் பார்த்தேன். "என்ற கையாலயா?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். சொம்பு டிரங்குப் பெட்டிக்குள் போய்விட்டது. தும்பை விட்டு வாலைப் பிடித்தவள் மாதிரி நான் நின்றேன்.

வைகாசியில் நோய் அடங்கி, பூட்டைக் கழற்றிய வாரம் மகள் வந்தாள். பஸ்ஸுக்கு மேல் பஸ் மாறி வந்த களைப்பும் தூசியுமாக, தோளில் ஒரு பை. சத்தியமங்கலத்து அம்மாவை நாங்கள் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து பெஞ்சில் உட்கார வைத்திருந்தோம். வராந்தாவில் ஐயா நின்றுகொண்டிருந்தார், கூட்டத்துக்குப் பின்னால், தூண் மறைவில்.

மகள் ஓடிவந்து காலடியில் உட்கார்ந்தாள். அம்மா அவள் தலையைத் தடவினார். உடனே நிமிர்ந்து, வராந்தாவைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏனுங்க, என்ற புள்ள வெயில்ல வந்துருக்குது. தண்ணி குடுக்க மாட்டீங்களா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். ஐயா அசையவில்லை. பிறகு அறைக்குள் போனார். பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. சொம்போடு வந்து, டிரம் பக்கத்தில் நின்று, சோப்புப் போட்டுக் கையைக் கழுவினார். மறுபடியும் கழுவினார். சொம்பையும் கழுவிக் குழாயில் பிடித்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

"வாங்க அம்மணி. மொதல்ல தண்ணி குடிங்க."

அவள் அண்ணாந்து குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டு அறைப் பக்கம் திரும்பினார்.

"எனக்குங்க?" என்றார் சத்தியமங்கலத்து அம்மா.