பேசிக்கொண்டே செய்யக்கூடிய வேலைகள்

அம்மாவும் நானும் சேர்ந்து கடைசியாகச் செய்த வேலை துணி காயப்போட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை. அவள் முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, வாளியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தாள். நான் கொடியில் போட்டேன். கையைத் தோளுக்கு மேலே தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் இந்த ஏற்பாடு. கைக்குத்தான் ஓய்வு. வாய்க்கு இல்லை.

"மக்ளே, தலகாணி உறையத் திருப்பிப் போடு. வெயில்ல நெறம் போவும். ஒனக்கு இஞ்சினீரிங்ல இதெல்லாம் சொல்லித் தரல்லியா?"

"துணி காயக் காத்து போதும்மா."

"காத்து அதுக்க வேலையச் செரியாச் செய்யும். போடுறவளச் சொன்னேன்."

அம்மா பெயர் சுசீலாபாய். பாறசாலைக்குத் தெற்கே, தமிழ்நாட்டுப் பக்கத்தில் பிறந்து, கல்யாணமாகித் திருவனந்தபுரத்துக்கு, நேமத்தில் ஒரு சந்துக்கு வந்தவள். அப்பா சுவாமிதாஸ் நான் பள்ளியில் படிக்கும்போதே இறந்துவிட்டார். அம்மா ஜாக்கெட்டும் பாவாடையும் தைத்து என்னைப் படிக்கவைத்தாள். ஆனால் சந்து அவளைத் தேடி வந்தது தையலுக்காக மட்டும் அல்ல.

யாருக்காவது எங்காவது போய்ப் பேச வேண்டியிருந்தால் அம்மாவைக் கூட்டிப் போவார்கள். சாயம் போன புடவையைத் திரும்ப எடுக்க மறுக்கும் கடை. பெண் பார்த்துவிட்டுப் போய்ப் பதில் சொல்லாத மாப்பிள்ளை வீடு. அம்மா சத்தம் போட மாட்டாள். முதலில் ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கி உட்கார்வாள். எதிராளியின் அம்மாவுக்கு முட்டுவலி எப்படி இருக்கிறது என்று மலையாளத்தில் விசாரிப்பாள். பிறகு விஷயத்துக்கு வருவாள். மலையாளம் மெல்லத் தமிழாக மாறும்போது காரியம் முடிந்திருக்கும். சாலை என்னும் கடைத்தெருவில் சிலர் அவள் கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கினாலே ஸ்டூலை எடுத்துப் போடுவார்கள்.

2003 மழைக்காலத்தில் அவளுக்கு எலிக்காய்ச்சல் வந்தது. காய்ச்சல் இறங்கியது. ஆனால் அது இதயத் தசையைத் தொட்டுவிட்டிருந்தது. படுத்திருக்கும்போது சாதாரணமாக இருக்கும் துடிப்பு, எழுந்து பல் தேய்த்தால் ஏறியது. குளித்துத் தலை துவட்டினால் இன்னும் ஏறியது. உட்கார்ந்து குளிக்க வேண்டும், உட்கார்ந்து காய் நறுக்க வேண்டும், ஒரு வேலையைப் பாதியில் விட்டு இளைப்பாறிவிட்டு மீதியைச் செய்ய வேண்டும் என்றார் டாக்டர். துடிப்பு நூற்றுப்பத்தைத் தாண்டினால் நிறுத்திவிட வேண்டும். எண்ணிப் பார்க்கத் தெரியாவிட்டால் ஒரு சுலபமான வழி: மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே செய்ய முடிகிற வேலையை மட்டும் செய்யலாம்.

அம்மா முகம் மலர்ந்தது. "அப்போ எனக்கு ஒரு தடையும் இல்லியே டாக்டரே."

ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுதுபார்ப்பது என் வேலை. விரல் நுனியைக் கவ்விப் பிடித்துத் துடிப்பைச் சிவப்பு எண்ணில் காட்டும் கருவி ஒன்றைக் கழித்துப் போட்டிருந்தார்கள். கேட்டு வாங்கிச் சரிசெய்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா அதற்கு நண்டு என்று பெயர் வைத்தாள்.

டாக்டர் சொன்ன வழி அம்மாவிடம் செல்லாது என்று நண்டு முதல் நாளே காட்டியது. முன்னறையைப் பெருக்கிக்கொண்டே ஒரு கல்யாணச் சண்டையை முழுதாகச் சொல்லி முடித்தாள். ஓரிடத்திலும் மூச்சு வாங்கவில்லை. விரலில் மாட்டிப் பார்த்தேன். நூற்று இருபதைத் தாண்டியிருந்தது. அவள் பேச்சு மூச்சை நம்பி நடக்கவில்லை.

அடுத்தது இன்னும் மோசம். அன்று அவள் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தாள், விரலில் நண்டு. பக்கத்து வீட்டு அபின் எங்கள் கேட்டுக்குக் குறுக்கே பைக்கை நிறுத்தினான்.

"லேய் அபினே, இது வாசலா, ஒனக்க ஷெட்டா?"

"ரெண்டு மினிட்டு ஆன்ட்டி."

"நேத்தைக்குள்ள ரெண்டு மினிட்டு இன்னும் முடியல்ல. இன்னைக்குள்ளத எப்ப தொடங்கப் போற?"

எண்ணைக் காட்டினேன். பெருக்கியபோது இருந்ததைவிட அதிகம். அம்மா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இது அவனுக்க நம்பரு. எனக்கதில்ல."

விதியைத் திருப்பிப் போட்டோம். வேலை செய்யும்போது பேச்சு இல்லை. பேசும்போது வேலை இல்லை. வாதம் எப்போதுமே கூடாது. அவள் கீழ்ப்படிந்தாள். பாதி அறை பெருக்கி உட்கார்ந்தாள். குளியலறையில் ஸ்டூல் போட்டுக்கொண்டாள். மாதங்கள் போகப் போக வேலையில் ஏறும் எண் இறங்கியது. பேச்சில் ஏறுவது மட்டும் இறங்கவில்லை. அவளைக் கூட்டிப் போக வந்தவர்களை நான் வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருப்பாள்.

"மக்ளே," என்றாள் ஒருநாள், "தைக்க இன்னொருத்தி கிடைப்பா. இதுக்கு ஆரு இருக்கா? என்னையச் சும்மா இருத்தி வச்சிட்டு, எதுக்காக்கும் இந்த நெஞ்சப் பாத்துக்கிடுத?"

நான் நண்டை எடுத்து அவள் விரலில் மாட்டினேன்.

அந்தச் சமயத்தில்தான் பொன்னம்மை அக்காவின் கிரைண்டர் வந்தது. அக்கா எங்கள் சந்தில் தோசைமாவு விற்பவர். சாலைக் கடைத்தெருவில் ஒரு கடையில் பழுதுபார்க்கக் கொடுத்து வாங்கியதிலிருந்து அது திணறியது, சூடானது. நான் திறந்து பார்த்தேன். மோட்டாரை மாற்றியிருந்தார்கள். உள்ளே இருந்தது சக்தி குறைந்த பழைய மோட்டார். கடைக்கு போன் செய்து அதைச் சொன்னேன். கம்பெனி மோட்டார்தான் மேடம் என்று சொல்லி வைத்துவிட்டார் கடைக்காரர்.

"கடைசியில நீ அவன்கிட்ட தேங்க்ஸா சொன்ன?" என்று கேட்டாள் அம்மா.

"பழக்கத்துல வந்துட்டு."

அம்மா சிரித்த சிரிப்பில் நண்டைத் தேட வேண்டியதாயிற்று. பிறகு சொன்னாள்: "மோட்டாரு கள்ள மோட்டாருன்னு நீ காட்டு. பேசுறது நான்."

ஒரு நிபந்தனை போட்டேன். முதலில் வீட்டில் பேசிக் காட்ட வேண்டும், விரலில் நண்டோடு. நான் கடைக்காரன். தொடக்கத்தில் மூன்றாவது வாக்கியத்திலேயே எண் எல்லையைத் தாண்டியது. அவள் படபடக்கும்போது, "வெப்ராளப்படாதம்மா" என்பேன். "வெப்ராளம் இல்லாம என்ன பேச்சு மக்ளே" என்பாள். ஆனாலும் தினமும் உட்கார்ந்தாள். கடைசியில் அவளே ஒரு வழி கண்டாள். ஒரு வாக்கியம் சொல்வாள். மூச்சை முழுதாக வெளியே விடுவாள். எண் இறங்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகுதான் அடுத்த வாக்கியம்.

அந்த இடைவெளியைத் தாங்க முடியவில்லை. மூன்றாவது இடைவெளியில் நானே மோட்டாரை மாற்றித் தருவதாக ஒப்புக்கொண்டேன்.

"பாத்தியா," என்றாள். நண்டு தொண்ணூற்றெட்டு காட்டியது. "இத்தற வயசும் வீணாப் பேசிப் போட்டேன். பேசாம இருந்தாலே போதுமாயிருந்திருக்கு."

டாக்டர் சோதித்துவிட்டுச் சம்மதித்தார். ஆட்டோவில் போக வேண்டும், உட்கார்ந்துதான் பேச வேண்டும், சீக்கிரம் திரும்ப வேண்டும். உட்கார்ந்து பேசுவது தன் குடும்ப வழக்கம் என்று அம்மா அவரிடம் சொன்னாள். வெள்ளிக்கிழமை காலைக்கு, சந்து முனையில் ஆட்டோ ஓட்டும் ஜெயனிடம் சொல்லி வைத்தாள். பொன்னம்மை அக்காவை நல்ல புடவை கட்டிக்கொண்டு வரச் சொன்னாள். "ஆனா அங்க வந்து அழப்பிடாது, கேட்டியா. அழுதா அவனுக்குச் சொகமாப் போவும்."

புதன்கிழமை காலை காப்பி குடித்துவிட்டு, தம்ளரைக் கழுவ எழுந்தவள் அடுப்படியிலேயே சரிந்தாள். வாசலில் யாரும் வந்திருக்கவில்லை. எந்த வாதமும் நடக்கவில்லை. காய்ச்சல் விட்டுப்போன தழும்பால் துடிப்பின் தாளம் திடீரென்று குலைந்திருக்கும் என்றார் டாக்டர். அது எப்படி நடக்கும் என்று என்னால் படம் போட்டே காட்ட முடியும்.

வியாழக்கிழமை அடக்கம் செய்தோம்.

ஜெயன் அந்த இரண்டு நாளும் விதுராவில் உள்ள தன் வீட்டுக்குப் போயிருந்தான். அவனுக்குச் செய்தி போகவில்லை. வெள்ளிக்கிழமை காலை சொன்ன நேரத்துக்கு ஆட்டோ வந்து நின்று, இரண்டு முறை ஹாரன் அடித்தது. பிறகு அவனே உள்ளே வந்தான். முன்னறையில் கிரைண்டரைப் பார்த்து, "ஏத்தட்டா அக்கா? அம்மா ரெடியா?" என்று என்னிடம் கேட்டான். சுவரோரம் உட்கார்ந்திருந்த பொன்னம்மை அக்கா எழுந்து அவனை வெளியே கூட்டிப் போனார்.

கிரைண்டர் அங்கேயே இருக்கிறது. நான் ஸ்க்ரூக்களை மாட்டி மூடி வைத்தேன். அக்கா இப்போது பக்கத்துச் சந்தில் ஒரு வீட்டில் போய் மாவு அரைத்துக்கொள்கிறார். சாலைக் கடைக்கு இன்னும் யாரும் போகவில்லை.