சென்னையிலிருந்து ஒரு மணி பத்து நிமிடம்

சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் ஆகாய வழியில் ஒரு மணி பத்து நிமிடம் என்று டிக்கெட்டில் போட்டிருந்தது. நான் அதை நம்பவில்லை. 'உடனடி' என்று சிவப்பு மையில் எழுதிய கோப்புகள் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்ததைப் பார்த்தே ஓய்வு பெற்றவன். மகனுக்கு மாலை ஆறு மணிக்கு இணைச்சீர். சென்னையில் இரவுப் பணி முடிந்து வரவேண்டிய மகளுக்குக் காலை பத்து மணி விமானத்தில் இடம் போட்டேன். பெட்டி கூடாது, தோள்பை மட்டும், சீர்ச் சேலையும் அதற்குள்தான் என்று உத்தரவும் போட்டேன்.

இணைச்சீர் என்பது எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளையோடு உடன்பிறந்தவள் அமர்ந்து செய்வது. அவள் இல்லாவிட்டால் பங்காளி வீட்டுப் பெண் உட்காரலாம். என் அண்ணனுக்கு ஒரு பெண் இருந்தாள்.

"ஏந்தம்பி, ரயில்ல ஏத்தியுட்டிருந்தா காப்பி குடிக்க வந்திருப்பா. உனக்கு ஆகாசத்துல ஆசை" என்றார் அண்ணன். இரவுப் பணியைப் பற்றி நாலு முறை சொல்லியிருந்தேன்.

பதினோரு மணிக்குக் கைப்பேசியில் அவள் விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோயம்புத்தூரில் மழையும் காற்றும். நகரத்தின் மேல் ஒரு சுற்று, இன்னொரு சுற்று. பிறகு அந்தச் சின்ன மஞ்சள் விமானம் கிணத்துக்கடவில் எங்கள் வீட்டுக்கு மேலாகவே கொச்சியைப் பார்த்துப் போனது.

அண்ணன் எட்டிப் பார்த்தார். "குதிக்கச் சொல்லு தம்பி. பந்தல்லயே உழுவா."

விமானம் கொச்சியில் தரை தொட்டதும் மகள் உள்ளிருந்தே அழைத்தாள். "கொச்சில நிக்கறோமுங்கப்பா. மழை உட்டதும் திரும்பக் கூட்டிட்டுப் போறாங்களாம். ஒரு மணி நேரம் ஆகும்ங்கறாங்க."

"அந்த ஒரு மணி நேரத்தை நம்பாத கண்ணு. அங்கியே எறங்கிக்க."

"எறக்க மாட்டேங்கறாங்கப்பா."

"பெட்டி உள்ள போட்டவங்களுக்குத்தான் சிக்கல். பயணத்தை இங்கியே முடிச்சுக்கறேன்னு எழுதிக் குடு. பணம் திருப்பிக் கேக்க மாட்டேன்னும் சேத்து எழுது. கதவு சீக்கிரம் தொறக்கும்."

திறந்தது. பாலக்காடு, பொள்ளாச்சி வழியாக வாடகைக் காரில் கிளம்பினாள்.

ஆறு மணி ஆனது. மகள் வரவில்லை. அண்ணன் மகள் பட்டுச் சேலையில் தயாராக நின்றாள். "எம் புள்ள உக்காரட்டும். அவளும் அக்காதானே?" என்றார் அண்ணன். சீர்களை நடத்திவைக்கும் அருமைக்காரரும் என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க, ஆறு மணிக்கே உக்காரோணும்னு முறை இருக்குதுங்களா?" என்று கேட்டேன்.

"நல்ல நேரம் ஏழு வரைக்கும் இருக்குதுங்க. சமையக்காரங்கதான் சத்தம் போடுவாங்க."

"போடட்டுமுங்க. ஏழு வரைக்கும் யாரும் உக்கார வேண்டாம்."

மணைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு நானே உட்கார்ந்துகொண்டேன். அண்ணன் மாமரத்தடிக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

ஆறரை தாண்டி, கேரள எண்பலகையோடு ஒரு கார் பொள்ளாச்சி ரோட்டிலிருந்து திரும்பியது. தலை கலைந்து, முகம் வீங்கி மகள் இறங்கினாள். முதலில் ஓடியது அண்ணன் மகள். பையைப் பிடுங்கிச் சேலையை எடுத்துக்கொண்டு அவளை உள்ளே இழுத்துப் போனாள்.

சேலை மாற்றிக்கொண்டு மகள் வெளியே வந்தபோது அண்ணன் வழிமறித்தார். "எப்படி வந்த அம்மணி?"

"பொள்ளாச்சி வழியாங்க பெரியப்பா."

"அது பஸ்சு வர்ற வழி" என்றார், என்னைப் பார்த்து. பிறகு அருமைக்காரர் பக்கம் திரும்பி, "ஆரம்பிங்க. புள்ள வந்தாச்சு" என்று அவரே சொன்னார்.

நான் நாற்காலியை எடுத்துக்கொண்டு ஒதுங்கினேன். மகள் தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த விமானம் கோயம்புத்தூருக்குத் திரும்பி வந்ததா என்று நான் பார்க்கவே இல்லை.