மார்க்கோவுக்கு அரிசி மாவு பீட்சா

1. செருப்போடு வந்த மேனேஜர்

1993 ஜூலை கடைசிச் செவ்வாய்க்கிழமை, காலை ஏழரை மணி. ராஜபாளையத்தில் நான் வேலை பார்த்த நூல் மில்லின் கெஸ்ட் ஹவுஸ் அடுப்படிக்குள் மேனேஜர் செருப்போடு நுழைந்தார். நான் அங்கே இன்சார்ஜாக இருந்த ஏழு வருஷத்தில் அவர் அடுப்படிக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

"மார்க்கோ மறுபடி படுத்துட்டார். புது ரிங் ஃப்ரேம் பாதியில நிக்குது. என்னதான் போடுறீங்க அவருக்கு?"

சமையல் பாக்கியம் இட்லித் தட்டைக் கீழே வைக்காமலே பதில் சொன்னார். "நீங்க சாப்பிடுறதுதான் சார் அவியளும் சாப்பிடுதாக."

"நான் படுக்கலையே?"

"நீங்க ரெண்டு இட்லி. அவிய எட்டு."

மேனேஜர் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை அவர் படுத்தா, மதுரையிலேருந்து ஹோட்டல் ஆளைக் கொண்டாந்துருவேன். சொல்லிட்டேன்."

அவர் போனதும் பாக்கியம் தட்டை வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் முதல் பஸ்ஸில் வருகிறவர். இந்தச் சம்பளத்தில்தான் மூத்த மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள்.

மார்க்கோ இத்தாலிக்காரர், நூல் நூற்கும் ரிங் ஃப்ரேமைப் பொருத்தித்தர, அதாவது மெஷின் எரக்‌ஷனுக்கு வந்தவர். கோதுமை அவருக்கு ஆகாது. கோதுமை, மைதா, ரவை ஒரு பொடிகூட உள்ளே போகக் கூடாது என்று அவருடைய டாக்டர் கடிதமே கொடுத்திருந்தார். நான் அதைத் தமிழில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டியிருந்தேன். பாக்கியம் ஒருபடி மேலே போய், கோதுமை மாவு டின்னையே வீட்டை விட்டு வெளியேற்றிவிட்டார். அப்படியும் ஜூலையில் இரண்டு தடவை மார்க்கோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தார். இரண்டு தடவையும் கஞ்சி, ரசம், நீர்மோர் என்று கொடுத்துத் தேற்றினோம். எழுந்திருக்க ஒவ்வொரு தடவையும் நான்கு நாள் ஆனது.

2. ஆறு சாமான்

இரண்டாவது தடவை எழுந்த அன்று மார்க்கோ என்னிடம் ஒரு காகிதத்தை நீட்டினார். அடுத்த வெள்ளி அவருக்குப் பிறந்தநாள். பீட்சா வேண்டும், அரிசி மாவில் செய்தால் போதும், தன் அம்மா அப்படித்தான் செய்வாள் என்றார். காகிதத்தில் ஆறு சாமான்: அரிசி மாவு, உருளைக்கிழங்கு ஸ்டார்ச், கொத்தவரை விதைப் பிசின், ஈஸ்ட், ஆரிகானோ, மொசரெல்லா சீஸ். எங்களிடம் இருந்தது முதலாவது மட்டும்.

மேனேஜரிடம் சொன்னேன். "கேக்குறாரு, செஞ்சு குடுங்க. படுத்தார்னா நான் சொன்னது சொன்னதுதான்" என்றார்.

பாக்கியத்துக்கு பீட்சா என்றால் என்னவென்று தெரியாது. எனக்குப் புத்தகத்தில் படித்த அளவுக்குத் தெரியும். கோதுமையில் ஒரு பசை உண்டு, மாவு இழுபடுவதும் உப்புவதும் அதனால்தான், அரிசியில் அது கிடையாது என்று விளக்கினேன்.

"அப்ப அந்தப் பசைக்குப் பதிலு என்னன்னு மட்டும் சொல்லுங்க அண்ணாச்சி. மிச்சத்தை நான் பாத்துக்கிடுதேன்."

திங்கள்கிழமை வெறும் அரிசி மாவில் தட்டினோம். வெந்ததும் காய்ந்த கண்மாய்போல வெடித்தது. செவ்வாய் இட்லி மாவை ஊற்றிப் பார்த்தோம். மார்க்கோ ஒரு வாய் தின்றுவிட்டு, "இது ஊத்தப்பம், எனக்குத் தெரியும்" என்றார். புதன் காலை ஜவ்வரிசியைத் திரித்துச் சரிபாதி சேர்த்தோம். அதை அவர் இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்து, ரிங் ஃப்ரேமில் டாப் ரோலருக்கு ரப்பர் உறை தீர்ந்துபோனால் இதை மாட்டலாம் என்றார்.

கொத்தவரைப் பிசினுக்காக மில் ஸ்டோர்ஸில் விசாரித்தேன். பாவு நூலுக்குக் கஞ்சி போடும் பொடியில் அது இருக்கும் என்று ஒரு பொட்டலம் கட்டிக்கொடுத்தார்கள். பாக்கியம் அதை வாசற்படி தாண்ட விடவில்லை.

"நூலு அந்துபோகாம இருக்கப் போடுறதை மனுசன் வயித்துல போடவா? அப்படியே திரும்பிக் கொண்டு போங்க."

தண்ணீரில் ஊறிக் கூழாகும் வேறு பொருள் என்ன என்று யோசித்தபோது, மலச்சிக்கலுக்கு என்று டம்ளரில் கலக்கிவைத்து மறந்துபோன இசப்கோல் உமி நினைவுக்கு வந்தது. மெடிக்கல் ஷாப்புக்குப் போனேன்.

"யாருக்கு அண்ணாச்சி?"

"கெஸ்ட்டுக்கு."

"அவருக்கு நிக்காமல்லா போகுதுன்னு சொன்னிய?"

பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வந்தேன். வெந்நீரில் இரண்டு ஸ்பூன் ஊறவைத்து, இரண்டு பங்கு அரிசி மாவு, ஒரு பங்கு ஜவ்வரிசி மாவு, ஒரு முட்டை, கொஞ்சம் எண்ணெய், ஈஸ்ட் எல்லாம் சேர்த்துப் பிசைந்தோம். புதன் சாயங்காலம் மாவு முதல் முறையாக விரலோடு இழுபட்டு வந்தது. ஈஸ்ட்டைத் தந்த பேக்கரிக்காரர் தன் அடுப்பையும் தருவதாகச் சொன்னார். ஆனால் அவருடைய தட்டெல்லாம் மைதாத் தூள். பிரிக்காத ஈஸ்ட் டின்னை மட்டும் வாங்கிக்கொண்டேன். அடுப்புக்குப் பாக்கியம் வழி சொன்னார். கிறிஸ்துமஸுக்கு அவர்கள் வீட்டில் கேக் வேகவைப்பதுபோல, பெரிய அண்டாவில் மணல் பரப்பி, மூடிமேல் தணல்.

சீஸுக்கு, பாலைத் திரியவைத்து வடிகட்டிக் கல் ஏற்றிப் பிழிந்த கட்டியும் டின் சீஸும் கலந்தோம். ஆரிகானோ இலை எந்தச் சாதி என்றே தெரியவில்லை. தோட்டத்துக் கற்பூரவள்ளியைக் கிள்ளி மார்க்கோவின் மூக்கருகே நீட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு இழுத்து முகர்ந்தார். பிறகு தலையாட்டினார்.

3. கட்டியா, பாலா?

பீட்சாவுக்குத் தடவப் பூண்டுத் தக்காளித் தொக்கு. வியாழன் காலை பாக்கியம் தந்த சீட்டோடு காதர் பாய் பலசரக்குக் கடைக்குப் போனேன். சீட்டில் கடைசிச் சாமான் பெருங்காயம்.

"கட்டியா, பால் பெருங்காயமா?" என்றார் பாய்.

"எப்பவும் தர்றதுதான். என்ன வித்தியாசம்?"

"பால் பெருங்காயம் சுத்தமான பிசினு. கட்டின்னா மைதாவும் கோந்தும் சேத்துப் பிடிக்கிறது. மைதா இல்லாம எப்படி அண்ணாச்சி கட்டி நிக்கும்?"

சாமானை அங்கேயே வைத்துவிட்டு கெஸ்ட் ஹவுஸுக்குத் திரும்பினேன். தினமும் யாருக்கு என்ன பரிமாறினோம் என்று நோட்டில் எழுதுவது என் வழக்கம். ஜூலைப் பக்கங்களைப் புரட்டினேன். மீன் குழம்பு, முட்டை, தயிர்சாதம் என்றிருந்த நாட்களில் மார்க்கோ நன்றாகவே இருந்திருக்கிறார். முதல் தடவை படுத்ததற்கு முந்தின நாள் புளியோதரை. இரண்டாவதற்கு முந்தின நாள் 'ரசம், விரும்பிக் கேட்டு இரண்டு டம்ளர்'. அதற்கடுத்த நாட்களில் வரிசையாக 'நீர்மோர், பெருங்காயம் தூக்கலாக'.

வயிறு சரியாக வேண்டும் என்று நாங்கள் வேளாவேளைக்கு அவருக்கு மைதா கொடுத்திருக்கிறோம்.

பாக்கியத்திடம் நோட்டைக் காட்டினேன். விரலை வைத்து வரிவரியாகப் படித்தார். "கர்த்தரே, நல்லதுன்னுல்லா குடுத்தேன்" என்றார். பிறகு அடுப்படியில் இருந்த பெருங்காய டப்பாவை எடுத்து என் கையில் வைத்தார். "இதைக் கொண்டு போயிருங்க. அவிய இருக்கிற வரைக்கும் இது இங்க வேண்டாம்."

4. சனிக்கிழமை

வெள்ளியன்று பீட்சா வெந்தது. முதலில் அடியை மட்டும் வேகவைத்து எடுத்து, தொக்கும் சீஸும் பரப்பி, மறுபடி அண்டாவில் இறக்கினோம். ஓரம் மொறுமொறுவென்றும் நடு மெத்தென்றும் வந்தது. மார்க்கோ ஆறு துண்டு தின்றார். மேனேஜர் ஒரு துண்டை வாங்கி, "ஊறுகாய் இருக்கா?" என்று கேட்டார்.

சனிக்கிழமை பாக்கியம் வழக்கமான பஸ்ஸில் வந்து இட்லி ஊற்றினார். ஏழு மணி சங்கு ஊதியபோது மார்க்கோ ஸ்பானரைச் சுழற்றிக்கொண்டே மில் கேட்டுக்குள் போவதை ஜன்னல் வழியே இருவரும் பார்த்தோம்.

பத்து மணிக்கு நோட்டோடு மேனேஜர் அறைக்குப் போனேன். பாக்கியமும் கூடவே வந்தார். நான் விஷயத்தைச் சொல்லி முடித்ததும் மேனேஜர் கேட்டார்.

"அப்ப தப்பு யாரு மேல?"

"எம்மேலதான் சார். பெருங்காயம் போட்டு மோரு குடுத்தது நாந்தான்" என்றார் பாக்கியம்.

"வாங்கினது நான். என்ன சேர்மானம்னு கேட்காதவனும் நான்தான்" என்றேன்.

மேனேஜர் நோட்டை வாங்கித் தன் பக்கம் திருப்பினார். விரல் ஒரு வரியில் நின்றது. இரண்டாவது தடவை மார்க்கோ படுத்திருந்தபோது, புதன்கிழமைக் கணக்கு: 'நீர்மோர், ஒரு கூஜா, மேனேஜர் வீட்டிலிருந்து.'

"எங்க வீட்டம்மாவும் போட்டிருப்பாளோ?"

"வாசம் கேட் வரைக்கும் வந்துச்சு சார்" என்றார் பாக்கியம்.

மேனேஜர் நோட்டை மூடி என்னிடம் கொடுத்தார். "மதுரை ஆளெல்லாம் வேண்டாம். வேலையைப் பாருங்க ரெண்டு பேரும். இதை எங்க வீட்டுல சொல்லிராதீங்க."

ரிங் ஃப்ரேம் ஆகஸ்ட் முடிவதற்குள் ஓடத் தொடங்கியது. மார்க்கோ ஊருக்குப் போகும்வரை வெள்ளிதோறும் அண்டாவில் மணல் சுட்டது. அதன் பிறகும் கெஸ்ட் ஹவுஸ் வேலையில் பல வருஷம் இருந்தேன். சர்க்கரைக்காரர், உப்பு ஆகாதவர் என்று பலவிதமான விருந்தாளிகள் வந்தார்கள். யாராவது படுத்துவிட்டால் என்ன சாப்பிட்டார் என்பதோடு நான் விசாரணையை நிறுத்துவதில்லை. குணமாக வேண்டும் என்று யார் என்ன கொடுத்தார்கள் என்பதையும் கேட்டுவிடுவேன்.